பர்கர்ச் சுவையும் நடுவுநிலைமையும்

பிறநாடு செல்வோர் தாம் கண்ட மலைகளையும் மாளிகைகளையும் குறித்து எழுதுதல் நெடுநாள் வழக்கு. உண்டவற்றைக் குறித்து எழுதினோர் முன்னாளில் மிகச் சிலரே. இக்காலத்திலோ, ஓர் ஊரில் இறங்கியதும் அவ்வூர் உணவுக்கடைகளை நாடிச் சென்று, உண்டதற்கெல்லாம் மதிப்பெண் இட்டு, அதனைக் கைப்பேசி வாயிலாக உலகினர்க்கு அறிவித்தல் பெருவழக்காயிற்று. அங்ஙனம் மதிப்பெண் பெறும் உணவுகளுள் பர்கர் முன்னணியில் நிற்கின்றது. அஃது ஏறத்தாழ எந்நாட்டிலும் கிடைப்பது, கையிலேந்தி உண்ணத்தக்கது, விலை மிகாதது. அன்றியும், உண்டவர் ஒவ்வொருவரும் தம்மை அதற்கு நீதிபதியாக எண்ணிக்கொள்ளுமளவு எளியது.

சென்ற கோடை விடுமுறையில் யாம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழும் எம் சிற்றப்பாவிடம் சென்று, அவருடன் மேற்கு நோக்கி நெடும்பயணம் செய்து, மீளும் வழியில் ஜப்பானையும் கண்டு திரும்பினோம். அப்பயணத்தில் யாமும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு, உண்ட பர்கர் பதினான்கிற்கும் மதிப்பெண் இட்டோம். அவற்றுள் ஒன்றிற்கு யாம் இட்ட மதிப்பெண் பெருந்தவறென மறுநாளே உணர்ந்து நாணினோம். அத்தவறு யாங்ஙனம் நேர்ந்தது, அது நேராவண்ணம் பர்கரைச் சுவைத்து மதிப்பிடும் முறை யாது என்பவற்றை எமக்கு விளங்கிய அளவில் ஈண்டு எடுத்துரைப்பாம்.

பர்கராவது யாது?

முதற்கண் பெயரை நோக்குவாம். ஹாம்பர்கர் என்னுஞ் சொல், ஜெர்மனி நாட்டிலுள்ள ஹாம்பர்க் என்னும் துறைமுக நகரின் பெயரடியாகப் பிறந்தது. ஆங்கிலத்தில் ஹாம் என்பது பன்றித்தொடை இறைச்சியின் பெயராதலின், இவ்வுணவு பன்றியிறைச்சியால் ஆயதென மயங்குவாரும் உளர். அது பொருந்தாது. அமெரிக்க அரசின் விதிப்படி, ஹாம்பர்கர் என்னும் பெயரால் விற்கப்படும் கொத்துக்கறி மாட்டிறைச்சியாகவே இருத்தல் வேண்டும். அதன்கட் கொழுப்பு நூற்றுக்கு 30 பங்கின் மிகுதல் ஆகாது. பிற்காலத்தில் அச்சொல்லின் முற்பகுதி உதிர்ந்து, பர்கர் என்பதே தனித்து நின்றது. நின்று, கோழி பர்கர், மீன் பர்கர், காய்கறி பர்கர் எனப் பல புதுச்சொற்களுக்கும் ஈறாயிற்று. ஊர்ப்பெயரின் கடைப்பகுதி ஓர் உணவின் பெயராயினமை, மொழி பயில்வார்க்கு உவகை தருவதாம்.

ஹாம்பர்க் நகரத்து முறையிற் கொத்திய இறைச்சி 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வழங்கத் தொடங்கியது. அதனை இரு ரொட்டித் துண்டுகளின் இடையே வைத்து முதன்முதல் விற்றவர் யாவர் என்பதிற் பிணக்குண்டு. 1885இல் எம்மூரிலேயே அது தோன்றிற்று என்பர் விஸ்கான்சின் மாநிலத்துச் சீமோர் என்னும் ஊரார். அதே ஆண்டில் எம்மூர்ச் சந்தையில் தோன்றிற்று என்பர் நியூயார்க் மாநிலத்து ஹாம்பர்க் ஊரார். டெக்ஸாஸ் மாநிலத்து ஏதென்ஸ் ஊரார்க்கும், கனெக்டிகட் மாநிலத்து நியூஹேவன் நகரத்தார்க்கும் அவ்வுரிமையிற் பங்குண்டென வழக்காடுவோர் உளர். நம் பண்டைப் புலவர்தம் காலத்தைப் பற்றிய வழக்குப்போல இதுவும் எளிதில் முடிவதாகத் தோன்றவில்லை.

இவ்வுணவு நாடெங்கும் பரவுதற்கு முன் ஒரு தடை இருந்தது. 1906இல் அப்டன் சிங்கிளேர் என்பார் எழுதிய புதினமொன்று சிகாகோ நகரத்து இறைச்சிச் சாலைகளின் தூய்மையின்மையை வெளிப்படுத்த, மக்கள் கொத்துக்கறியை ஐயுற்றனர். அவ்வாண்டிலேயே இறைச்சியைச் சோதிக்குஞ் சட்டமும் பிறந்தது. 1921இல் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் ஒயிட் காசில் என்னும் கடை தோன்றியபோது, அதன் பெயரும் சுவரும் வெண்மையாக அமைந்தன; சமைப்பது எல்லார் கண்ணுக்கும் புலனாயிற்று; ஒரு பர்கரின் விலை 5 சென்ட்டே. மக்களின் ஐயம் நீங்குதற்கு அவ்வெண்மை பெரிதும் துணை செய்தது. பின்னர் மக்டானல்ட் உடன்பிறந்தார் கலிபோர்னியாவிற் சான் பெர்னார்டினோ நகரில் 1940இல் தொடங்கிய கடையை 1948இல் விரைந்து பரிமாறும் முறைக்கு மாற்ற, அம்முறை பின்னாளில் உலகெங்கும் பரவிற்று.

ஆக்கும் முறை

ஒரு பொருளை மதிப்பிடப் புகுவோன், அஃது ஆக்கப்படும் முறையைச் சிறிதேனும் அறிதல் வேண்டும். கொத்துக்கறியை வட்டமாகத் தட்டிக் கல்லின்மீது இடுவர். அவ்வட்டத்தை இக்கட்டுரையிற் கறியடை என வழங்குவாம். சூடேறிய கல்லின்மேற் கறியடையின் மேற்பரப்பிலுள்ள நீர் ஆவியாகி நீங்கிய பின்னர், அவ்விடம் ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸிற்கு மேற் செல்லுங்கால், இறைச்சியின் புரதக்கூறுகளும் சர்க்கரைக்கூறுகளும் ஒன்றோடொன்று வினைப்பட்டுப் பழுப்பு நிறமும் நறுமணமும் தோன்றுகின்றன. இவ்வினையை 1912இல் விளக்கியவர் மெய்யார் என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர் பெயராலேயே அஃது இன்றும் வழங்குகின்றது. நம் தோசையின் முறுகலுக்கும், ரொட்டியின் மேலோட்டிற்கும், வறுத்த காப்பிக்கொட்டையின் மணத்திற்கும் இவ்வினையே பெருங்காரணம். ஆதலின் நன்கு முறுகாத கறியடை வெந்ததாயினும் சுவையிற் குன்றும்.

கறியை அழுத்தி மெலிதாக்குதலும் ஒரு முறை. தடிப்பாக விடுதலும் ஒரு முறை. மெலிதாக்குவோர் கறியுருண்டை கல்லில் விழுந்த அரை நிமிடத்திற்குள்ளாகவே சட்டுவத்தால் அழுத்திவிடல் வேண்டும். அப்பொழுது கொழுப்பு உருகாமல் உறைந்திருத்தலின் சாறு வெளிப்படாது. கொழுப்பு உருகிய பின்னர் அழுத்தினால், சாறு கல்லிற் பாய்ந்து கறி சக்கையாம். உப்பிடும் காலமும் நோக்கத்தக்கது. கறியைத் தட்டுமுன்னரே உப்பைப் பிசைந்துவிடின், அஃது இறைச்சியின் புரதத்தைக் கரைத்து ஒன்றோடொன்று பிணிக்க, கறியடை இறுகி இரப்பர்போல் ஆகும். கல்லில் இடுந் தறுவாயில் மேலே தூவின், உதிரும் மென்மை கெடாது. ரொட்டிக்கும் ஒரு தொழிலுண்டு. அது சாற்றை ஏற்றல் வேண்டும். ஏற்றும் கரையாது நிற்றல் வேண்டும். அதன்பொருட்டே அதன் உட்புறத்தை வெண்ணெயிட்டு வாட்டுகின்றனர்.

எம் அளவுகோல்

பயணந் தொடங்குமுன் யாமும் சிற்றப்பாவும் கலந்து ஓர் அளவுகோல் வகுத்தோம். மொத்தம் 100 மதிப்பெண். அவற்றுட் கறிக்கு 40, ரொட்டிக்கு 20, வெங்காயம், தக்காளி, ஊறிய வெள்ளரிக்காய், பாலாடைக்கட்டி முதலாய துணைப்பொருள்களுக்கு 15, இவையனைத்தும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் இயைபிற்கு 15, விலைக்கும் தூய்மைக்கும் 10. மாட்டிறைச்சி உண்ணாதார் கோழி பர்கருக்கோ காய்கறி பர்கருக்கோ இதனையே கொள்ளலாம்.

உண்ணும் முறைக்கும் சில விதிகள் வகுத்தோம். மிகுபசியோடு செல்லுதல் ஆகாது. மிகுபசி எல்லாவற்றையும் அமிழ்தாக்கும். வயிறு நிரம்பியும் செல்லுதல் ஆகாது. ஒரு நாளில் இரண்டிற்கு மேல் மதிப்பிடுதல் தகாது. மூன்றாவதன் குறையெல்லாம் நம் வயிற்றின் குறையே. கடையார் எதனாற் பெயர்பெற்றனரோ அதனையே முதலிற் கேட்டு வாங்குதல் வேண்டும். வந்தவுடன் சூடாறுமுன் உண்ணல் வேண்டும். முதலிற் கறியை மட்டும் சிறிது கிள்ளிச் சுவைத்து, பின்னர் முழுமையாக ஒரு கடி கடித்தல் நன்று. உடனுண்போர் தம் கருத்தைக் கூறுமுன் நம் மதிப்பெண்ணை எழுதிவிடல் வேண்டும். இல்லையேல் நம் நாவு பிறர் நாவின்வழிச் செல்லும்.

இவ்விதிகள் அனைத்தும் நல்லனவே. எனினும் இவற்றுள் ஒன்று குறைந்திருந்தது. அக்குறை நியூஹேவனில் எமக்குப் புலப்படவில்லை.

நியூஹேவன்

நியூஹேவன் நகரில் லூயிஸ் லஞ்ச் என்னும் சிறு கடை 1895 முதல் ஒரே குடும்பத்தாரால் நடத்தப்பட்டு வருகின்றது. இடிபடாதிருத்தற்பொருட்டு 1975இல் அச்சிறு கட்டடத்தையே பெயர்த்து வேறு தெருவில் நிறுவினர் என்றால், ஊரார் அதன்பால் வைத்த அன்பு விளங்கும். ஆங்குக் கறியைக் கல்லில் இடுவதில்லை. நிமிர்ந்து நிற்கும் பழைய வார்ப்பிரும்பு அடுப்புக்களிற் கம்பிச்சட்டத்தின் இடையே வைத்து இருபுறமும் ஒருங்கே வாட்டுவர். வட்டப் பன்னிற்கு ஈடாக, வாட்டிய சாதாரண ரொட்டித் துண்டுகளே வரும். துணைப்பொருளாவன பாலாடைக்கட்டி, வெங்காயம், தக்காளி என்னும் மூன்றே. கெச்சப் என்னும் தக்காளிக் குழம்போ, கடுகு விழுதோ, மயோனைஸோ கேட்டாலும் கிடையா.

சிற்றப்பா இவற்றையெல்லாம் வழியிலேயே கூறிவிட்டமையால், யாம் பன்னையும் கெச்சப்பையும் எதிர்பாராது சென்று, கறியின் தனிச்சுவையை நுகர்ந்து 84 இட்டோம். அடுத்த மேசையில் இருந்த பயணி ஒருவர், கெச்சப் இல்லாத கடையும் ஒரு கடையா என்று சினந்து எழுந்தார். அவர் அறியாமைக்கு யாம் உள்ளுக்குள் நகைத்தோம். அந்நகைப்பிற்குரிய தண்டனை ஓக்லஹோமாவில் எம்மை எதிர்நோக்கியிருந்தது.

எல் ரீனோ

ஓக்லஹோமா நகரத்திற்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலையில் எல் ரீனோ என்னும் சிற்றூர் உளது. அவ்வூர் வெங்காய பர்கருக்குப் பெயர்பெற்றது. ஆண்டுதோறும் மே மாதத்தில் அதற்கென ஒரு விழாவும் எடுக்கின்றனர். யாம் ஒரு மாலைப்பொழுதில், நெடுந்தொலைவு வண்டியிற் சென்ற களைப்புடன் அவ்வூரை அடைந்து, சிறு கடையொன்றிற் புகுந்தோம். சிற்றப்பா தலைவலியால் விடுதியிற் படுத்திருந்தமையின் எமக்கு ஏதும் கூறினாரில்லை. முந்தின நாள் வேறோர் ஊரில் விரற்பருமனுள்ள கறியடை உண்டிருந்தோம். அதுவே எம் நினைவில் நின்றது.

எமக்கு முன் வைக்கப்பட்ட பர்கரின் கறி மிக மெலிதாயிருந்தது. விளிம்புகள் ஒழுங்கின்றிச் சிதைந்திருந்தன. கறிக்கும் வெங்காயத்திற்கும் வேற்றுமை காணுதலே அரிதாயிற்று. கடைக்காரர் கறியைக் குறைத்து வெங்காயத்தால் நிரப்பி எம்மை ஏய்த்தார் எனக் கருதி, கறிக்கு 40இல் 12 இட்டு, மொத்தம் 41 என எழுதி, பக்கத்தில் உலோபம் என்னும் ஒரு சொல்லையும் சேர்த்தோம்.

மறுநாட் காலையில் சிற்றப்பா குறிப்பேட்டை வாங்கிப் படித்தார். சிறிதுநேரம் ஒன்றும் கூறாதிருந்து, "நீ மதிப்பெண் இட்டது அந்தக் கடைக்கா, உன் எதிர்பார்ப்புக்கா?" என வினவினார். பின்னர் அவ்வுணவின் வரலாற்றைச் சொன்னார். 1920களிலும் அதன்பின் வந்த பெரும்பஞ்ச ஆண்டுகளிலும், அவ்வூரிற் கறி விலை மிக்கது, வெங்காயமோ மலிவு. கூலிவேலை செய்வோர் சில காசிற்கு வயிறார உண்ணல் வேண்டும். ஆதலின் சமையற்காரர் சிறு கறியுருண்டையின்மேற் கைநிறைய மெல்லிய வெங்காயச் சீவல்களைக் குவித்து, இரண்டும் ஒன்றாகுமாறு கல்லில் அழுந்தத் தேய்த்தனர். வறுமை நீங்கிய பின்னரும் மக்கள் அச்சுவையை விடவில்லை. இன்று அவ்வூரில் அதனை அவ்வாறு செய்தல் கறி மிச்சம் பிடித்தற்கன்று. அதுவே அதன் இலக்கணம்.

அன்று நண்பகல் இருவரும் அக்கடைக்கே மீண்டுஞ் சென்று, அடுப்பிற்கு எதிரே அமர்ந்து சமைப்பதைக் கண்டோம். கறியைத் திருப்பியதும் வெங்காயம் கல்லின்புறமாகி, கறியின் கொழுப்பிலேயே பொரிந்தது. அதன் நீராவி மேலேறி, கறியின்மீது கவித்துவைத்த ரொட்டியை மென்மையாக்கிற்று. எமக்குச் சிதைவாகத் தோன்றிய விளிம்பே மிகுதியாய் முறுகிய இடம். இம்முறை யாம் அம்முறுகலைத் தேடி உண்டோம். முன்னாளும் அஃது அங்கேயே இருந்தது, யாமே காணாதிருந்தோம். உலோபம் என்று எழுதிய சொல்லை அடித்து, 76 என மாற்றினோம். முழு மதிப்பெண் இட்டோமில்லை. ரொட்டியின் அடிப்புறம் இருமுறையும் ஈரத்தாற் குழைந்திருந்தது. கடையின் கருத்து இதுவென அறிந்த பின்னரும் அக்குறை குறையாகவே நின்றது.

குறைந்திருந்த விதி

எம் தவறு எத்தகையது என்பதை எமக்குப் பழகிய துறையினின்றே விளக்குவாம். வெண்பாவிற்குரிய தளையை அளவுகோலாகக் கொண்டு ஓர் ஆசிரியப்பாவை ஆராயும் மாணவன், அப்பாடல் முழுவதும் பிழையென்றே முடிவு செய்வான். அவன் எண்ணியவை சரியாகவே எண்ணப்பட்டிருக்கும். ஆயினும் அம்முடிவு பிழையாம். பாடலை மதிப்பிடுவோன் முதலில் இஃது இன்ன பா என்று துணிதல் வேண்டும். அதன் பின்னரே அப்பாவிற்குரிய இலக்கணத்தில் இது நிரம்பியதோ குன்றியதோ என ஆராய்தல் தகும்.

பர்கருக்கும் இதுவே விதி. தடித்த கறியடை ஓர் இனம். மெலிந்து முறுகியது ஓர் இனம். வெங்காயத்தோடு ஒன்றியது ஓர் இனம். தடித்ததன்கண் உள்ளே சாறு நிற்றலே சிறப்பு. மெலிந்ததன்கண் முறுகலே சிறப்பு. அதிற் சாறு இல்லையெனக் குறை கூறுதல் பொருந்தாது. இக்கடை செய்ய முயன்றது யாது, அதனை நிறைவேற்றியதா என்னும் வினாவே முதற்கண் வினவத்தக்கது. இதனை எம் விதிகளுக்கெல்லாம் தலைமையாகச் சேர்த்தோம்.

இங்ஙனங் கூறின், எக்கடையும் தன் குறைக்கெல்லாம் இதுவே எம் இலக்கணம் எனச் சொல்லித் தப்பலாமே எனின், அற்றன்று. ஆசிரியப்பாவென அறிந்த பின்னரும் அதன்கட் பிழை உண்டாயிற் பிழையே. எல் ரீனோக் கடையின் குழைந்த ரொட்டி இதற்குச் சான்று. அன்றியும் இரு பொருள்களில் ஊர்வழக்கு என்பதற்கு இடமில்லை. ஒன்று தூய்மை, மற்றொன்று வேகும் அளவு. முழு இறைச்சித் துண்டில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருத்தலின், மேலே சுடின் அவை அழியும். கொத்துங்கால் அவை உள்ளும் புறமும் கலந்துவிடுகின்றன. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அரைவேக்காட்டுப் பர்கரால் 700க்கு மேற்பட்டோர் நோயுற்று, குழந்தைகள் நால்வர் உயிரிழந்தனர். கொத்துக்கறியின் நடுவிடம் 71 டிகிரி செல்சியஸ் வெப்பம் அடைதல் வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் அறிவுரை. நிறத்தை நம்புதல் ஆகாது. போதிய வெப்பம் எய்தாமலே பழுப்பாகும் கறியும் உண்டு. ஆதலின் நடுவே வேகாத பர்கரை, அஃது எவ்வூர் வழக்காயினும், யாம் திருப்பித் தந்துவிடுவோம்.

நியூமெக்ஸிகோ

அடுத்து யாஞ் சென்ற நியூமெக்ஸிகோ மாநிலத்தில் இதற்கு மறுதலையான தவறொன்று நேர்ந்தது. ஆங்குப் பச்சைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, நறுக்கிப் பாலாடைக்கட்டியுடன் பர்கரின்மேல் இடுவர். அம்மிளகாய் நம்மூர் மிளகாயினும் நீண்டு பருத்தது, காரம் அளவானது. அவ்வினத்தைச் செம்மைப்படுத்தி 1921இல் வெளியிட்டவர் அம்மாநிலத்து வேளாண்கல்லூரியில் ஆராய்ச்சி செய்த பாபியன் கார்சியா என்பார்.

பல நாட்களாக உறைப்பின்றி உண்டுவந்த எம் நாவிற்கு அம்மிளகாய் தாய்வீட்டை நினைவூட்டிற்று. கண்ணீர் வர உண்டு, 93 என எழுதினோம். சிற்றப்பா அருகிருந்து, கறியை மட்டும் தனியே கிள்ளிச் சுவைக்குமாறு சொன்னார். சுவைத்தோம். அது காய்ந்து, உப்புங் குறைந்து, முன்னர் யாம் 60 இட்ட கறியினுந் தாழ்ந்திருந்தது. யாம் 93 இட்டது அப்பர்கருக்கன்று, எம் ஊர்நினைவிற்கே. அதனை 71 எனத் திருத்தினோம். பழகாததைத் தாழ்த்துதலும் பழகியதை உயர்த்துதலும் ஒரு பிழையின் இரு முகங்களே என்பது அன்று தெளிவாயிற்று.

ஜப்பான்

மீளும் வழியில் டோக்கியோவில் இரு நாட்கள் தங்கினோம். ஜப்பானியர் பர்கரை ஏற்ற வரலாறு சுவையுடையது. நாகசாகி மாவட்டத்துச் சாசெபோ துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படை தங்கியிருந்தமையால், 1950ஆம் ஆண்டையொட்டி அவ்வூரார் அப்படையினரிடமிருந்து பர்கர் செய்யக் கற்றனர். இன்றும் அது சாசெபோ பர்கர் எனப் பெயர்பெற்று விளங்குகின்றது. 1972இல் டோக்கியோவில் தோன்றிய மாஸ் பர்கர் என்னும் கடையார், 1973இல் சோயாச்சாறும் இனிப்புங் கலந்த டெரியாக்கிக் குழம்பைப் பர்கரில் இட்டனர். 1987இல் ரொட்டியையே நீக்கி, சோற்றை வட்டமாக அழுத்திச் சுட்டு, அதனிடையே உணவை வைத்து விற்றனர்.

ரொட்டி இல்லாதது பர்கராகுமோ என்னும் ஐயம் எமக்கும் எழுந்தது. எல் ரீனோவிற்கு முன்னராயின், ரொட்டிக்குரிய 20இல் ஒன்றுமில்லை என எழுதியிருப்போம். இப்பொழுதோ, ரொட்டியின் தொழிலைச் சோறு செய்கின்றதா என்று மட்டும் நோக்கினோம். சாற்றை ஏற்கின்றதா? ஏற்றும் உதிராது நிற்கின்றதா? கைக்குச் சூடு தாங்குகின்றதா? ஏற்றது, பெரும்பாலும் நின்றது, கடைசி இரு கடிகளில் மட்டும் உதிர்ந்தது. 20இல் 15 இட்டோம்.

விலையளவும் சுவையளவும்

ஈண்டு ஓர் ஐயத்தை நீக்குதல் நலம். உலகெங்கும் ஒரே அளவுகோலாற் பர்கரை அளப்பதொரு முறை உளதன்றோ எனப் பொருளியல் பயிலும் நண்பர் வினவலாம். உளது. இலண்டனிலிருந்து வரும் எகனாமிஸ்ட் என்னும் இதழ் 1986 முதல் பல நாடுகளில் பிக் மாக் என்னும் பர்கரின் விலையை ஒப்பிட்டு, நாணயங்களின் வாங்குந் திறனை அளந்து வருகின்றது. 1967இல் பென்சில்வேனியா மாநிலத்து யூனியன்டவுன் என்னும் ஊரில் முதன்முதல் விற்கப்பட்ட அப்பர்கர், எங்கும் ஏறத்தாழ ஒரே வகையாகச் செய்யப்படுதலின், அவ்வளவைக்கு ஏற்றதாயிற்று. எனினும், அது பணத்தை அளப்பது. வேறுபாடின்மையே அதற்குத் துணை. சுவையை அளப்பார்க்கோ வேறுபாடே பொருள். இந்தியாவில் அவ்விதழாரே மாட்டிறைச்சி பர்கரை விடுத்து, மகாராஜா மாக் என்னும் கோழி பர்கரின் விலையைக் கொள்ள வேண்டியதாயிற்று. விலையை அளப்பவரும் ஒரோவழி ஊர்வழக்கிற்கு இணங்குவராயின், சுவையை அளப்பவர் இணங்குதல் இழுக்காமோ?

முடிவுரை

கேவலம் ஒரு பர்கரின் மதிப்பெண்ணிற்காக இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ எனச் சிலர் வினவுவர். யாம் குறிப்பேட்டில் எழுதியதை எம் சிற்றப்பா ஒருவரே கண்டார்; திருத்தவும் நேரங் கிடைத்தது. இக்காலத்துப் பயணியர் பலர் எழுதுவதோ அந்நொடியிலேயே பல்லாயிரவர் கண்ணிற் படுகின்றது. எழுதியவர் அடுத்த ஊருக்குச் சென்று அக்கடையை மறந்துவிடுவர்; அவர் இட்ட எண்ணோ அங்கேயே நிற்கும். சிறு கடையொன்றிற் கணவனும் மனைவியும் விடியுமுன் எழுந்து வெங்காயம் சீவுவர். அவர் பிள்ளைகளின் படிப்பு அவ்வருவாயைப் பொறுத்தது. களைப்போடும் தவறான எதிர்பார்ப்போடும் வந்த ஒருவன் எழுதும் உலோபம் என்னும் ஒரு சொல், அவ்வீட்டு அடுப்பிற் கைவைப்பதாம்.

ஆதலின், மதிப்பெண் இடவே வேண்டா என்கிலேம். நல்லதை நல்லதென்று சொல்லாவிடின் நல்லதைச் செய்வார்க்கு ஊக்கமில்லை. தூய்மையற்றதைச் சொல்லாவிடின் பின்வருவார்க்குத் தீங்கு. யாம் வேண்டுவது இவ்வளவே. எண்ணை எழுதுவோர், எப்பொருளை வாங்கினோம், எவ்வேளையில் உண்டோம், எத்தனை முறை சென்றோம், எவ்வளவுகோலால் அளந்தோம் என்பவற்றையும் அதன் பக்கத்தில் எழுதுக. படிப்போர் அவற்றைக்கொண்டு அவ்வெண்ணின் தகுதியைத் தாமே உணர்ந்துகொள்வர். தாழ்ந்த எண் இடுமுன், இயலுமாயின் மீண்டும் ஒருமுறை செல்க.

எம் குறிப்பேட்டின் பதினான்கு பக்கங்களுள், ஒன்றில் மட்டும் ஒரு சொல் அடிக்கப்பட்டு, 41 என்பது 76 ஆக மாறியுள்ளது. பயணம் முடிந்த பின் அப்பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தூய்மையாகப் படியெடுக்கலாம் எனக் கருதினோம். சிற்றப்பா வேண்டாமென்றார். பர்கரைப்பற்றி மட்டுமின்றி, மதிப்பிட்டவனைப்பற்றியும் உண்மை கூறும் பக்கம் அஃதொன்றே என்பது அவர் கருத்து. அதனை அவ்வாறே வைத்திருக்கின்றோம்.